பொது மருத்துவமனையின் பாத மருத்துவப் பிரிவு: முதல்முறை போகிறவர்களுக்கு

அப்பாவின் காலுறையில் ரத்தக் கறை இருந்ததை முதலில் பார்த்தது அவர் இல்லை, துவைக்க எடுத்த நான். காலைத் தூக்கிப் பார்த்தபோது, பெருவிரலின் அடிப்பக்கத்தில் சுண்டுவிரல் நகத்தின் அகலத்துக்கு ஒரு புண். ஷூவைக் கவிழ்த்துத் தட்டினேன். ஒரு சின்னக் கல் விழுந்தது. அந்தக் கல்லின் மேல் அவர் நாள் முழுக்க நடந்திருக்கிறார். இருபது ஆண்டாகச் சர்க்கரை நோய். "வலிக்கவே இல்லையேம்மா" என்றார், நல்ல செய்தி சொல்வதுபோல.

மறுநாள் மருத்துவமனையிலிருந்து தொலைபேசியில் விசாரித்தபோதும் அவர் அதையேதான் சொன்னார். காலில் சின்னப் புண், வலி ஒன்றும் இல்லை. ஏழு வாரம் கழித்து ஒரு தேதி கொடுத்தார்கள். அவருக்குப் பல ஆண்டாகச் சர்க்கரை, பாதத்தில் உணர்வு குறைவு, இப்போது திறந்த புண் என்ற மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லியிருந்தால் அந்த வாரமே கூப்பிட்டிருப்பார்கள். அது எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. அதன்பின் நான்கு ஆண்டுகள் அவரோடு அந்தப் பிரிவின் நாற்காலிகளில் உட்கார்ந்து நான் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: பாத மருத்துவப் பிரிவில் எவ்வளவு வலிக்கிறது என்பதைப் பார்த்து முன்னுரிமை தருவதில்லை, கால் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்துத் தருகிறார்கள். இதைப் புரிந்துகொண்டு போனால் பாதி வேலை முடிந்தது.

யார் இந்தப் பாத மருத்துவர்?

பொடியாட்ரி என்பது பாதத்துக்கும் கணுக்காலுக்குமான தனி மருத்துவத் துறை. ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள். உடல் எடை முழுவதும் ஒவ்வோர் அடியிலும் அதன்மேல் விழுகிறது. இதை மட்டுமே பல்கலைக்கழகத்தில் பல ஆண்டு படித்துவிட்டு வருபவர்தான் பொடியாட்ரிஸ்ட். அவர் எலும்பு முறிவு மருத்துவரும் அல்ல, நகம் வெட்டிவிடுகிறவரும் அல்ல. தடித்த தோலைக் கத்தியால் சீவி எடுப்பார், புண்ணைச் சுத்தம் செய்வார், விரலை மரக்கச் செய்து நகத்தை எடுப்பார், நடையை ஆராய்ந்து ஷூவுக்குள் வைக்கும் உள்தகடு செய்யச் சொல்வார். மருந்து எழுதவும் எலும்பில் அறுவை செய்யவும் அவருக்கு உரிமை உண்டா என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும்.

பல மருத்துவமனைகள் ஒரே நிர்வாகத்தின்கீழ் இயங்கும் அமைப்பில் இந்தச் சேவை பொதுவாக மூன்று இடங்களில் நடக்கும். பெரிய மருத்துவமனையில், ஆபத்து மிகுந்த பாதங்களுக்கென்று தனி சிகிச்சையகம் இருக்கும். அங்கே பாத மருத்துவரோடு சர்க்கரை நோய் மருத்துவர், ரத்தநாள அறுவை மருத்துவர், காயங்களைக் கவனிக்கும் செவிலியர் எல்லோரும் சேர்ந்து பார்ப்பார்கள். இரண்டாவது இடம் உள்நோயாளிகளின் வார்டு. மூன்றாவது, வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள சமூக சுகாதார மையம். நீங்கள் எங்கே போக வேண்டும் என்பதை உங்கள் பாதத்தின் நிலைதான் தீர்மானிக்கும். புண் ஆறிய பிறகு பெரிய மருத்துவமனையிலிருந்து சமூக மையத்துக்கு மாற்றிவிடுவது வழக்கம். அதைக் கைகழுவிவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கால் தேறிவிட்டதற்கு அது அடையாளம்.

படி 1: இது நம் கதவுதானா என்று பாருங்கள்

பொதுச் சேவையில் இடம் குறைவு. அதனால் கால் இழக்கும் ஆபத்து உள்ளவர்களுக்கே முதலிடம். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள், காலுக்கு ரத்த ஓட்டம் குறைந்தவர்கள், ஏற்கெனவே பாதத்தில் புண் வந்தவர்கள், விரலோ பாதமோ அகற்றப்பட்டவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், முடக்குவாதத்தால் பாதத்தின் வடிவம் மாறியவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் இந்த வரிசையில் வருவார்கள். சதைக்குள் வளர்ந்து சீழ் வைக்கும் நகத்தையும் பெரும்பாலான இடங்களில் எடுத்துக்கொள்வார்கள்.

உடம்பில் வேறு கோளாறு இல்லாமல், குனிய முடியாததால் நகம் வெட்டிவிடச் சொல்பவர்களையும், பித்தவெடிப்புக்கும் சாதாரணக் கால் ஆணிக்கும் வருபவர்களையும் பல இடங்களில் சமூக மையத்துக்கோ தனியார் பாத மருத்துவரிடமோ அனுப்பிவிடுவார்கள். குதிகால் வலி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சில மருத்துவமனைகள் எடுக்கும், சில இயன்முறை சிகிச்சைக்கு அனுப்பும். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குத்துகிற அந்த வலி, கெண்டைக்காலையும் பாதத்தையும் நீட்டும் பயிற்சிகளாலும் சரியான ஷூவாலும் பெரும்பாலானவர்களுக்கு ஓராண்டுக்குள் தணிந்துவிடும். குழந்தைகளின் தட்டைப் பாதமும் சின்ன வயதில் இயல்பானதே. வலியோ விறைப்போ இருந்தால், அல்லது ஒரு காலில் மட்டும் இருந்தால் காட்டுங்கள்.

படி 2: வரிசையில் நிற்கக் கூடாத நேரங்கள்

இதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் படியுங்கள். கீழே சொல்லும் எதுவும் நேர்ந்தால் பாத மருத்துவப் பிரிவின் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

புண்ணைச் சுற்றிய சிவப்பு பரவிக்கொண்டே போவது. புண்ணோடு காய்ச்சல், குளிர் நடுக்கம், வாந்தி அல்லது காரணமில்லாமல் ஏறும் சர்க்கரை. விரலோ பாதத்தின் ஒரு பகுதியோ கறுப்பது. நாற்றமடிக்கும் சீழ். கால் திடீரென்று வெளிறிச் சில்லிட்டு வலிப்பது. சிவப்பு பரவுகிறதா என்று சந்தேகம் வந்தால் அதன் ஓரத்தைப் பேனாவால் கோடிட்டு நேரத்தை எழுதிவையுங்கள். மருத்துவர் பார்க்கும்போது அந்தக் கோடு நிறையச் சொல்லும். தோல் நிறம் அடர்ந்தவர்களுக்குச் சிவப்பு எளிதில் தெரியாது. கருஞ்சிவப்பாகவோ பளபளப்பாகவோ தோன்றலாம். அப்போது புறங்கையால் தொட்டுச் சூட்டை ஒப்பிடுவதுதான் நம்பகமானது.

இன்னொன்று இருக்கிறது, அதுதான் பலரை ஏமாற்றுகிறது. சர்க்கரை நோயால் மரத்துப்போன பாதம் ஒன்று, புண்ணே இல்லாமல், சூடாகச் சிவந்து வீங்கும். வலி அதிகம் இருக்காது. சுளுக்கு என்று நினைத்துத் தைலம் தேய்ப்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் நரம்பு நோய்க்கும் மூட்டுச் சிதைவுக்கும் உள்ள தொடர்பை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோவின் பெயரால் இதை ஷார்கோ பாதம் என்கிறார்கள். உள்ளே எலும்புகள் நொறுங்கி இடம் மாறிக்கொண்டிருக்கும். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். இரண்டு பாதங்களுக்கும் இடையே 2 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூட்டில் வித்தியாசம் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். ஊன்றி நடக்கும் ஒவ்வோர் அடியும் சேதத்தைக் கூட்டும். எனவே நடப்பதை உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனையைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள்.

படி 3: பரிந்துரைக் கடிதம்

பெரும்பாலான இடங்களில் உங்கள் குடும்ப மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் தேவை. சமூக மையங்கள் சிலவற்றில் நீங்களே நேரடியாகப் பதியலாம். கடிதம் வந்ததும் அதை ஒரு பாத மருத்துவர் படித்து அவசரம், அரை அவசரம், காத்திருக்கலாம் என்று பிரிப்பார். அந்தக் கட்டத்தில் அவர் உங்கள் காலைப் பார்ப்பதில்லை, கடிதத்தைத்தான் பார்க்கிறார். "கால் வலி, தயவுசெய்து பார்க்கவும்" என்று ஒரு வரியில் எழுதிய கடிதம் அடியில் போய்விடும்.

அதனால் மருத்துவரிடம் இவற்றையெல்லாம் எழுதச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை. எத்தனை ஆண்டாகச் சர்க்கரை, கடைசியாகப் பார்த்த மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) எவ்வளவு, பாதத்தில் உணர்வு இருக்கிறதா, நாடி தட்டுப்படுகிறதா, புண் இருந்தால் எங்கே, எவ்வளவு பெரிது, எத்தனை நாளாக இருக்கிறது, இதற்கு முன் புண் வந்ததுண்டா, சிறுநீரகம் எப்படி, புகைபிடிப்பவரா, என்னென்ன மருந்து. புண்ணின் படம் இணைக்க முடிந்தால் இன்னும் நல்லது. படம் எடுக்கும்போது பக்கத்தில் ஓர் அளவுகோலை வையுங்கள்.

மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தால் இதையே வாயாலும் சொல்லுங்கள். நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தங்கள் நோயைக் குறைத்துச் சொல்லும் பழக்கம் உண்டு, மற்றவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில். அந்த ஐந்து நிமிடத்துக்கு மட்டும் அதை ஒதுக்கிவைக்கச் சொல்லுங்கள். பேசி முடிக்குமுன் ஒன்று கேளுங்கள்: "காத்திருக்கும்போது கால் மோசமானால் யாரைக் கூப்பிட வேண்டும்?" அந்த எண்ணை எழுதி எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டுங்கள். புதிதாகப் புண் வந்தாலோ இருந்த புண் பெரிதானாலோ கூப்பிட்டுச் சொன்னால் உங்கள் இடத்தை முன்னால் நகர்த்துவார்கள். நாம் சொல்லாமல் அவர்களுக்குத் தெரிய வழியில்லை.

மருத்துவமனையின் மொழி உங்களுக்குச் சரளமாக வராவிட்டால், தேதி வாங்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பல பொது மருத்துவமனைகள் கட்டணமில்லாமல் ஏற்பாடு செய்கின்றன, நேரிலோ தொலைபேசி வழியாகவோ. நான் கூடவே இருந்தும் அப்பாவுக்கு மொழிபெயர்ப்பாளர் கேட்டேன். மகளிடம் சொல்லக் கூச்சப்பட்ட சில விஷயங்களை அவர் அந்த மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னார்.

படி 4: முதல் நாள் பையில்

மருந்துச் சீட்டு அல்லது மருந்துகளையே எடுத்துப்போங்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகளும், ஒவ்வாமைகளும் முக்கியம். சர்க்கரை அளவு குறித்த ஏடு. பழைய எக்ஸ்ரே, ரத்தநாள ஸ்கேன் இருந்தால் அவையும்.

இவற்றைவிட முக்கியமானது உங்கள் காலணிகள். ஆஸ்பத்திரிக்கென்று புதிதாக வாங்கிய ஜோடி வேண்டாம். தினமும் போடுவதை, தேய்ந்திருந்தாலும், வீட்டுக்குள் போடுவது வேறு என்றால் அதையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். அடித்தோல் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, உள்ளே எந்த இடம் குழிந்திருக்கிறது என்பதிலிருந்து பாத மருத்துவர் உங்கள் நடையைப் படிப்பார். அப்பாவின் ஷூவுக்குள் கைவிட்டுத் தடவியே, புண் இருந்த இடத்துக்கு நேராக ஒரு மேடு இருப்பதை எங்கள் மருத்துவர் கண்டுபிடித்தார். கல் அன்று ஒருநாள் வந்தது, மேடு மாதக்கணக்காக இருந்திருக்கிறது.

முழங்கால்வரை மடித்துவிடக்கூடிய ஆடை அணியுங்கள். நகச்சாயம் இருந்தால் எடுத்துவிடுங்கள். பாதம் அழகாக இல்லையே, நகம் தடித்து மஞ்சளாக இருக்கிறதே என்று வெட்கப்பட்டுப் போகாமல் இருந்துவிடாதீர்கள். அவர்கள் நாள் முழுக்கப் பார்ப்பது அதைத்தான்.

படி 5: பரிசோதனையில் என்ன செய்வார்கள்

முதல் சந்திப்பு பிந்தைய சந்திப்புகளைவிட நீளமாக இருக்கும். முதலில் கதை கேட்பார்கள், பிறகு இரண்டு பாதங்களையும் பார்ப்பார்கள். ஒன்றில்தான் பிரச்சினை என்றாலும் இரண்டு காலின் ஷூவையும் காலுறையையும் கழற்றச் சொல்வார்கள்.

உணர்வைச் சோதிக்க ஒரு நைலான் இழை வைத்திருப்பார்கள். அழுத்தினால் 10 கிராம் விசையில் வளையும்படி செய்யப்பட்டது. முதலில் கையில் தொட்டு எப்படி இருக்கும் என்று காட்டிவிட்டு, உங்களைக் கண்ணை மூடச் சொல்லிப் பாதத்தில் பல இடங்களில் தொடுவார்கள். உணர்ந்தால் மட்டும் சொல்லுங்கள். இது பரீட்சை அல்ல, மதிப்பெண் வாங்க வேண்டியதில்லை. அப்பா முதல் தடவை ஊகித்து ஊகித்து "ஆமாம், ஆமாம்" என்றார். மருத்துவர் சிரிக்காமல், கடிந்துகொள்ளாமல், மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அந்த இழையை உணர முடியாத பாதத்துக்குத் தன்னைக் காத்துக்கொள்ளும் உணர்வு போய்விட்டது என்று பொருள். அடுத்து, 128 ஹெர்ட்ஸில் அதிரும் இசைக்கவையைப் பெருவிரல் நுனியில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்பார்கள்.

ரத்த ஓட்டத்துக்குப் பாதத்தின் மேற்பக்கத்திலும் கணுக்காலின் உள்பக்கத்திலும் நாடி பார்ப்பார்கள். கையடக்கமான டாப்ளர் கருவியை வைத்து ரத்தம் ஓடும் ஓசையைக் கேட்பார்கள். தேவைப்பட்டால் கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்து ஒரு விகிதம் எடுப்பார்கள். 0.9க்குக் கீழே வந்தால் காலின் தமனிகள் குறுகியிருக்கின்றன என்று கொள்வார்கள். சர்க்கரை நோயாளிகளுக்குத் தமனிச் சுவரில் சுண்ணம் படிந்து கெட்டியாகிவிடுவதால் இந்த விகிதம் பொய்யாக உயர்ந்து காட்டும். 1.3, 1.4 என்று வந்தால் மகிழ்ச்சியடைய வேண்டாம். கால்விரலுக்கென்று உள்ள சின்னப் பட்டையைச் சுற்றி அங்குள்ள அழுத்தத்தை அளந்தீர்களா என்று கேளுங்கள்.

புண் இருந்தால் அதன் நீள அகலத்தை அளந்து, படம் எடுத்து, கிருமி நீக்கிய உலோகக் குச்சியால் ஆழம் பார்ப்பார்கள். குச்சி எலும்பைத் தொட்டால் எலும்பில் தொற்று இருக்கலாம் என்ற சந்தேகம் வலுக்கும். அப்போது எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, சிலவேளை எம்.ஆர்.ஐ. வரை போவார்கள்.

படி 6: உங்கள் ஆபத்து நிலையைக் கேட்டு வாங்குங்கள்

சர்க்கரை நோய் உள்ளவர் எழுந்து வருமுன் கேட்க வேண்டிய கேள்வி இது: "என் பாதம் எந்த ஆபத்து நிலையில் இருக்கிறது?" நீரிழிவுப் பாதம் குறித்த சர்வதேசப் பணிக்குழு வகுத்த முறையில் 0 முதல் 3 வரை நான்கு நிலைகள். உணர்வும் ரத்த ஓட்டமும் நன்றாக இருந்தால் 0, ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். இரண்டில் ஒன்று கெட்டிருந்தால் 1, ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை. இரண்டும் கெட்டிருந்தாலோ, ஒன்று கெட்டு அதோடு பாதத்தின் வடிவமும் மாறியிருந்தாலோ 2, மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. உணர்வோ ரத்த ஓட்டமோ கெட்டு, முன்பு புண் வந்திருந்தால், விரலோ காலோ அகற்றப்பட்டிருந்தால், அல்லது சிறுநீரகம் செயலிழந்திருந்தால் 3, ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. மருத்துவமனைகள் குறைவு, நடுத்தரம், அதிகம் என்ற சொற்களையும் பயன்படுத்தும். எந்தப் பெயரானாலும் உங்கள் நிலையைத் தெரிந்துவைத்திருந்தால், அடுத்த தேதி அதற்கு ஏற்றதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

முன்பு புண் வந்ததற்கு ஏன் இத்தனை கனம்? நீரிழிவுப் பாதப் புண் ஆறியவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள் மறுபடி வருகிறது. ஐந்தாண்டு என்றால் 65 சதவீதம். ஆறிவிட்டது என்று எழுதினாலும் அந்த இடத்தின் தோல் பழைய தோல் இல்லை, புண்ணை வரவழைத்த காரணங்களும் அப்படியேதான் இருக்கின்றன.

படி 7: சிகிச்சை நடக்கும்போது

காய்ப்பைச் சீவுவது அலங்காரத்துக்காக அல்ல. மரத்துப்போன பாதத்தில் காய்ப்பு என்பது ஷூவுக்குள் நிரந்தரமாகத் தங்கிவிட்ட ஒரு கல். அதன் அடியில் ரத்தம் கட்டிப் புண்ணாகும். புண்ணைச் சுற்றிய இறந்த தோலையும் திசுவையும் கத்தியால் அகற்றுவார்கள். இதைப் பார்க்கும் குடும்பத்தினர் பயந்துபோகிறார்கள், நானும் பயந்தேன். சுத்தம் செய்த பின் புண் முன்பு இருந்ததைவிடப் பெரிதாகத் தெரியும். மூடியிருந்தது விலகி உண்மையான அளவு இப்போதுதான் தெரிகிறது, அவ்வளவுதான்.

ஆன்டிபயாடிக் கொடுக்கவில்லையே என்று கேட்காதீர்கள். தொற்றின் அறிகுறி இல்லாத புண்ணுக்கு அது தேவையில்லை, ஆற்றவும் செய்யாது. ஆற வைப்பது பெரும்பாலும் வேறொன்று: அந்த இடத்தின் மேல் பாரம் விழாமல் தடுப்பது.

இதை நமக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர் 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட். தொழுநோயாளிகளின் கைகால்கள் நோயினால் தானாக அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பியிருந்த காலம். உணர்வு போனதால் காயம் படுவதும், பட்டது தெரியாமல் அதன்மேலேயே புழங்குவதும்தான் சதையைத் தின்கின்றன என்று அவர் காட்டினார். வலி இருந்திருந்தால் நொண்டியிருப்போம், நொண்டியிருந்தால் ஆறியிருக்கும். மரத்த பாதத்தை நாமாக நொண்ட வைக்க வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் முழங்கால்வரை வரும், பாதம் முழுக்க ஒட்டி அமையும் மாவுக்கட்டு. உள்ளங்கால் புண்ணுக்கு, ரத்த ஓட்டம் நன்றாக இருந்து கடும் தொற்றும் இல்லாவிட்டால், கழற்ற முடியாத இவ்வகைக் கட்டே முதல் தேர்வு. கழற்றக்கூடிய பூட்ஸ் கொடுத்தால் மனிதர்கள் கழற்றிவிடுகிறார்கள், வீட்டுக்குள் நாலு அடிதானே என்று. அந்த நாலு அடிகளைக் கூட்டிப் பாருங்கள், சமையலறைக்கு, கழிவறைக்கு, வாசலுக்கு. ராத்திரி எழுந்து போவதையும் சேர்த்து. கட்டு கனமாக இருக்கும், தூக்கம் கெடும், குளிப்பது சிரமம், வண்டி ஓட்ட முடியாமல் போகலாம். அப்பா மூன்றாம் நாளே வெட்டிவிடச் சொன்னார். எத்தனை வாரம் போட வேண்டியிருக்கும், வேலைக்கு விடுப்புக் கடிதம் கிடைக்குமா, மற்றக் காலின் உயரத்தைச் சமன்படுத்த என்ன வழி என்று முன்கூட்டியே கேட்டு வைத்தால் தாங்குவது எளிதாகும். கட்டுக்குள் புதிதாக வலி, நாற்றம், ஈரம் அல்லது விரல்களில் நிற மாற்றம் இருந்தால் அன்றே கூப்பிட வேண்டும்.

நான்கு வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியளவு குறையாவிட்டால் திட்டத்தை மறுபடி ஆராய வேண்டும் என்பது இந்தத் துறையில் ஏற்கப்பட்ட கணக்கு. ஆகவே ஒவ்வொரு முறையும் அளவைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். குறையவில்லை என்றால் "ரத்த ஓட்டத்தை மறுபடி பார்க்க வேண்டுமா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் அந்தக் கேள்வியை வரவேற்பார்.

சதைக்குள் வளர்ந்த நகத்துக்குச் செய்வது சின்ன வேலை. விரலின் அடியில் ஊசி போட்டு மரக்கச் செய்வார்கள், அந்த ஊசிதான் வலிக்கும். நகத்தின் ஓரத்தை மட்டும் நீளவாக்கில் எடுத்து, அது மறுபடி முளைக்காமல் இருக்க வேர்ப்பகுதியில் பீனால் என்ற வேதிப்பொருளைத் தடவுவார்கள். விரலை மூடாத செருப்பு போட்டுப்போங்கள், திரும்பும்போது வண்டி ஓட்ட வேறொருவரை அழைத்துப்போங்கள். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டுப் போகக் கூடாது. பீனால் பட்ட இடம் சில வாரம் நீர் கசிந்துகொண்டிருப்பது இயல்பு.

படி 8: இரண்டு சந்திப்புகளுக்கு நடுவில்

மாதத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் மருத்துவர் பார்க்கிறார். மீதி நாட்கள் உங்கள் கையில். தினமும் ஒரே நேரத்தில், வெளிச்சத்தில், பாதத்தின் மேலும் கீழும் விரலிடுக்குகளிலும் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். கண் தெளிவில்லாதவர்களுக்கு வீட்டில் ஒருவர் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அது அம்மாவின் வேலையாயிற்று, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு.

கழுவும் தண்ணீர் 37 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கட்டும். மரத்த பாதத்தால் சூடு பார்க்காதீர்கள், முழங்கையால் பாருங்கள். வெந்நீரில் ஊறவைப்பது, வெந்நீர்ப் பை, ஹீட்டர் பக்கத்தில் காலை நீட்டுவது மூன்றும் கூடாது. விரலிடுக்கை ஈரமில்லாமல் ஒற்றித் துடையுங்கள். தோல் வறண்டால் களிம்பு தடவலாம், விரலிடுக்கில் மட்டும் வேண்டாம், அங்கே சேற்றுப்புண் வரும். நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தைக் குடையாதீர்கள். கால் ஆணிக்கென்று கடையில் விற்கும் பிளாஸ்திரியில் அமிலம் இருக்கிறது. உணர்வில்லாத காலில் அது ஆணியோடு நிற்காமல் நல்ல தோலையும் அரிக்கும். பிளேடால் நீங்களே சீவுவது அதைவிட மோசம்.

வெறுங்காலோடு வீட்டுக்குள்ளும் நடக்க வேண்டாம். ஷூவின் உள்நீளம் பாதத்தைவிட 1 முதல் 2 சென்டிமீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும். பிற்பகலில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் நின்றபடி அளவு பாருங்கள். புதிய ஷூவை முதல் நாளே மணிக்கணக்கில் போடாதீர்கள். போடுமுன் ஒவ்வொரு முறையும் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். இதை எழுதும்போது என் கை அந்தக் கல்லை நினைத்துக்கொள்கிறது.

புகைபிடிப்பவர் என்றால் அதை நிறுத்த உதவும் சேவையும் பெரும்பாலும் அதே மருத்துவமனையில் இருக்கும். ரத்தநாளத்துக்கு அதைவிட நல்லது வேறில்லை.

படி 9: தேதி தவறும்போதும், விடுவிக்கும்போதும்

வர முடியாவிட்டால் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் தவறவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டுப் புதிய கடிதம் கேட்கும் இடங்கள் உண்டு. போக்குவரத்து சிரமம் என்றால் நோயாளிகளுக்கான வாகன வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். உள்தகடு, சிறப்புக் காலணி, கட்டுப்பொருட்கள் ஆகியவற்றில் எதற்குக் கட்டணம், எதற்குச் சலுகை என்பதையும் செய்யச் சொல்லுமுன்பே கேட்டுவிடுவது நல்லது. பின்னால் ரசீதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம்.

உங்களைச் சேவையிலிருந்து விடுவிக்கும் நாளில் மூன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். உங்கள் ஆபத்து நிலையும் செய்த சிகிச்சையும் எழுதிய கடிதம், ஒரு பிரதி குடும்ப மருத்துவருக்கு, ஒன்று உங்களுக்கு. இனி யார், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள் என்ற பதில், முடிந்தால் முதல் தேதியோடு. மறுபடி புண் வந்தால் புதிய பரிந்துரைக் கடிதம் இல்லாமல் நேராகக் கூப்பிட முடியுமா, எந்த எண்ணில், எத்தனை மாதம்வரை என்ற விவரம். அப்பாவின் கடிதம் அவருடைய மருந்துப் பெட்டியின் மூடியில், உள்பக்கமாக ஒட்டியிருக்கிறது. இரண்டு ஆண்டு கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா அவருடைய இடது சுண்டுவிரலில் ஒரு கொப்புளத்தைக் கண்டபோது, அந்த மூடியைத் திறந்து எண்ணைப் பார்த்தார். திங்கட்கிழமை பத்து மணிக்கு அவர்கள் அந்த நாற்காலியில் இருந்தார்கள்.